ஹாட்பாக்ஸுக்குள் ஒரு கோட்டை

கேம் பெட்டியின் நாலு திருகாணியையும் கழற்றி மூடியைத் தூக்கிய பிறகுதான், அதை மறுபடி மூடத் தனக்குத் தெரியாது என்பது பூவரசனுக்கு உறைத்தது.

மூடவா போகிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அவன் திட்டம் வேறு. டிவியில் மாட்டி ஆடுகிற அந்தப் பெட்டியை, கையில் பிடித்துக்கொண்டு ஆடுகிற பெட்டியாக மாற்றப் போகிறான். திரை, பேட்டரி, பட்டன் எல்லாம் அதிலேயே இருக்கும். டிவியின் தயவே வேண்டாம். வெளிநாட்டில் ஒரு ஆள் இப்படி மாற்றியதைச் செல்போனில் பார்த்திருந்தான். இருபத்திரண்டு நிமிட வீடியோ. அந்த ஆள் பேசிய இங்கிலீஷில் பூவரசனுக்கு விளங்கியது ‘ஓகே’ மட்டும்தான். ஆனால் அதை அவர் அடிக்கடி சொன்னதால் நம்பிக்கையாக இருந்தது.

பூவரசனுக்கு ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் மைக்செட் வாடகைக்கு விடுகிற தொழில். திருவிழா, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று மலையில் எங்கே சத்தம் தேவைப்பட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வயரை ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் கம்பியைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் உள்ள எல்லாமே ஒரு வகை ஸ்பீக்கர்தான் என்பது அவன் எண்ணம். அந்த எண்ணத்தால் அவன் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

இத்தனைக்கும் காரணம், செவ்வாய்க்கிழமை அவன் மனைவி அருணா கோபித்துக்கொண்டு ஆலங்காயத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதுதான்.

கல்யாணமாகி இரண்டு வருஷம். டிவி அவள் சீரில் வந்தது. கேம் பெட்டி அவன் வாணியம்பாடியில் பழைய சாமான் கடையில் வாங்கியது. அதில் ஒரே ஒரு விளையாட்டு. ஒரு வீரன் கத்தியோடு கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். மொத்தம் நாற்பத்திரண்டு கோட்டை. பூவரசன் முப்பத்தோராவது கோட்டையில் ஐந்து மாதமாகச் செத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் உட்கார்ந்துவிடுவான். அருணாவும் பக்கத்தில் வந்து உட்காருவாள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்வாள், புளியில் கொட்டை எடுப்பாள். கண் மட்டும் டிவியில் இருக்கும். வீரன் கீழே விழும்போதெல்லாம் ஒரு மனைவி கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்பாள்.

“செத்துட்டீங்களா?”

“இன்னும் ஒரு தடவ, அருணா.”

மறுபடி விழுவான்.

“செத்துட்டீங்களா?”

சீரியல் போட நேரமாகிறது, அதற்குத்தான் அவசரப்படுகிறாள் என்பது பூவரசனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ‘இன்னும் ஒரு தடவை’ என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டான். அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோராவது தடவை விழுந்த எரிச்சலில் இருந்தபோது அவள் அதே கேள்வியைக் கேட்டாள். அவனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“ஆமா, நான் செத்தாத்தான் ஒனக்கு நிம்மதி. வுடு, ஒரேயடியா சாவறேன்.”

அருணா முறத்தைக் கீழே வைத்தாள். “ரெண்டு வருசமா பக்கத்துலயே ஒக்காந்துகினு கீறேன். ஒரு நாளாச்சும் இன்னான்னு கேட்டீங்களா? நீங்களும் அந்த டிவியுமே குடும்பம் நடத்துங்க.”

பையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பூவரசன் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் வீரன் முப்பத்தோராவது கோட்டை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

புதன்கிழமைதான் புத்தி வந்தது. வீடு வெறிச்சென்று கிடந்தது. சோறு குழைந்துபோனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘செத்துட்டீங்களா’ என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில் செத்துச் செத்து விளையாடுவது அவனால் முடியவில்லை. போன் போட்டான், எடுக்கவில்லை. நாலு தடவை போட்டான். ஐந்தாவது தடவை அவள் போனே அணைந்து கிடந்தது.

வியாழக்கிழமை பார்த்திபன் வந்தான். பூவரசனோடு ஒன்றாகப் படித்தவன். தினமும் பிக்கப் வண்டியில் சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு ஆலங்காயத்துக்கு இறங்குவான், மளிகை ஏற்றிக்கொண்டு மலையேறுவான். இரண்டு பக்கத்துச் சேதியையும் ஏற்றி இறக்குவது அவன் கூலி வாங்காமல் செய்கிற வேலை.

“அருணா சொல்லி அனுப்பிச்சு. ஞாயித்துக்கிழம அவங்கப்பாவோட வருதாம். ஒன்ன வூட்லயே இருக்கச் சொல்லுச்சு.”

“மூஞ்சி எப்பிடிக் கீது?”

“மூஞ்சி மாதிரிதான் கீது. ஆனா ஒண்ணு மச்சான், ஒங்க மாமனாரு ஞாயித்துக்கிழமைக்கு என் வண்டியப் பேசி வெச்சிக்கினாரு. காலியா வரணுமாம்.”

“காலியாவா? இன்னாத்துக்கு?”

“சாமான் ஏத்தணும்னாரு. இன்னா சாமான்னு நான் கேக்கல. ஒங்க குடும்ப விசயம்.”

கல்யாணம் முறிந்தால் என்ன நடக்கும் என்று பூவரசன் தன் சித்தப்பா வீட்டில் பார்த்திருக்கிறான். பெண்ணின் அப்பா வண்டியோடு வருவார். சட்டைப்பையிலிருந்து சீர்ப் பட்டியலை எடுப்பார். பீரோவில் ஆரம்பித்து ஜல்லிக்கரண்டி வரைக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஏற்றுவார். ஏற்றி முடிந்ததும் சித்தப்பா வீட்டில் மீதி இருந்தது சித்தப்பாவும் ஒரு நாற்காலியும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசலில் கால் வைக்கும்போது டிவி சும்மா இருக்க வேண்டும். கேம் பெட்டி அவன் கையில் இருக்க வேண்டும். ‘இனிமேல் டிவி உன்னுடையது’ என்று அருணாவிடம் சொல்ல வேண்டும். அவளைத் தக்கவைக்க அவனுக்கு வேறு வழி தோன்றவில்லை. வாய்விட்டு மன்னிப்புக் கேட்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். சால்டரிங் கம்பி கையில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் தோன்றாது.

“மச்சான், ஒன் வண்டில பின்னாடி பாக்கற குட்டி டிவி கீதே, அதக் குடு.”

“அதக் குடுத்துட்டு நான் எப்பிடி ரிவர்ஸ் எடுப்பேன்?”

“தலையத் திருப்பிப் பாரு. ஒங்கப்பா அப்பிடித்தான எடுத்தாரு.”

பார்த்திபன் நல்லவன். சிநேகிதன் வாழ்க்கை என்று சொன்னதும் கழற்றிக் கொடுத்தான். கொடுத்த கையோடு வண்டியை ரிவர்ஸ் எடுத்து, வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மை நசுக்கிவிட்டுப் போனான். நல்ல வேளை, அந்த டிரம் சீரில் வந்ததில்லை.

குட்டித் திரையில் வீரன் தெரிந்தான். ஆனால் பின்பக்கம் பார்க்கிற திரை அல்லவா, இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரிந்தது. பட்டனை முன்னால் தள்ளினால் வீரன் பின்னால் ஓடினான். போதாக்குறைக்கு, ரிவர்ஸ் எடுக்க அளவு காட்டுகிற பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள் படத்தின் மேல் நிரந்தரமாக நின்றன. கத்தியும் கையுமாக வந்த வீரன், வண்டி நிறுத்த இடம் தேடுகிறவனைப் போல அலைந்தான். பழகிக்கொள்ளலாம் என்று பூவரசன் விட்டுவிட்டான்.

அடுத்தது பேட்டரி. மைக்செட் பேட்டரியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். வீட்டில் அளவாக ஒரு பேட்டரி இருந்தது, மாமியார் சீரில் கொடுத்த சார்ஜ் ஃபேனுக்குள். மாசிப் பனியில் யாருக்கு ஃபேன் வேண்டும் என்று அதைப் பிளந்து எடுத்தான்.

பிறகு இதையெல்லாம் அடைக்க ஒரு கூடு. அடுக்களை முழுக்கத் தேடியதில் ஒன்றுதான் பொருந்தியது. அருணாவின் அத்தை சீரில் வைத்த ஹாட்பாக்ஸ். ரோஸ் நிறம், இரண்டு பக்கமும் காது. பிடித்துக்கொண்டு ஆடுவதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. உள்ளே இருந்த எவர்சில்வர் பாத்திரத்தை நெம்பி எடுத்தான். கேம் பெட்டியின் போர்டு ஒரு விரக்கடை பெரிதாக இருந்தது. வீடியோவில் அந்த ஆள் ரம்பத்தால் அறுத்தது ஞாபகம் வந்தது. எங்கே அறுத்தார் என்பது ஞாபகம் வரவில்லை. உத்தேசமாக ஒரு ஓரத்தை அறுத்துவிட்டு, முருகா என்று சுவிட்சைப் போட்டான். வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை அவனைப் போலச் சந்தோஷமான ஆள் ஜவ்வாது மலையிலேயே கிடையாது. மத்தியானத்துக்கு மேல் கை சுட ஆரம்பித்தது. இட்லியை நாலு மணி நேரம் சூடாக வைத்திருக்கச் செய்த பாத்திரம் அது. உள்ளே இருப்பது இட்லியா போர்டா என்று அதற்கு என்ன தெரியும், தன் வேலையைச் சரியாகச் செய்தது.

சூடு போக ஓட்டை போட்டான். போதவில்லை. பிளந்து கிடந்த ஃபேனின் மோட்டாரை எடுத்து, இறக்கையைக் கத்தரித்துச் சின்னதாக்கி உள்ளே பொருத்தினான். இப்போது காற்று வந்தது. ஆனால் மோட்டார் மின்சாரத்தைக் குடித்த குடியில் பேட்டரி எட்டு நிமிடத்தில் படுத்துவிட்டது. இன்னொரு பேட்டரி வேண்டும். மாமனார் தன் கையாலேயே வாங்கிக் கொடுத்த எமர்ஜென்சி லைட் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. பூவரசன் அதைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான், பிறகு பிளந்தான்.

இப்போது ஹாட்பாக்ஸ் நாலு கிலோ. கையில் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. ஆம்ப்ளிஃபயர் பையின் வாரைப் பிடுங்கி இரண்டு காதிலும் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். கண்ணாடியில் பார்த்தபோது பஸ் நிலையத்தில் சுண்டல் விற்கிறவரைப் போல இருந்தான். இருக்கட்டும், அருணா வந்தால் போதும்.

சனிக்கிழமை காலையில் படம் போய்விட்டது.

திரையில் கோளாறா, போர்டில் கோளாறா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, போர்டை டிவியில் மாட்டிப் பார்ப்பது. பூவரசன் தொழிலில் எல்லா வயரும் மஞ்சள் வயர்தான், மொத்தமாக ஒரு சுருள் மலிவாகக் கிடைத்தது. எது எங்கே போகிறது என்பது அவன் மனசில் இருக்கும். மைக்செட்டில் வயர் மாறினால் சத்தம் வராது, அவ்வளவுதான், மாற்றிக் கொடுத்தால் வந்துவிடும். அந்த தைரியத்தில்தான் இரண்டு மஞ்சள் வயரை டிவியின் பின்னால் செருகினான். அதில் ஒன்று பேட்டரி வயர்.

டப்பென்று ஒரு சத்தம். டிவியின் முதுகிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. அப்புறம் எதுவுமே வரவில்லை.

பூவரசன் தரையில் உட்கார்ந்துவிட்டான். எந்த டிவியை அவளுக்கு விட்டுக்கொடுக்க இத்தனை பாடும் பட்டானோ, அந்த டிவியே போய்விட்டது. அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. கையைத் தலையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழவும் செய்தான். தன்னைப் போல ஒரு தண்டத்துக்கு அருணா மாதிரி ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்களை நினைத்து அவனுக்கே பாவமாக இருந்தது.

அழுது முடித்துப் பார்த்திபனுக்குப் போன் போட்டான்.

“மச்சான், ஒங்க வூட்டு டிவிய நாளைக்கு ஒரு நாள் குடேன். சாயங்காலம் திருப்பிக் குடுத்துடறேன்.”

“வண்டி டிவியக் குடுத்தாச்சு. வூட்டு டிவியையும் குடுத்தன்னு வெச்சிக்க, என் பொண்டாட்டியும் நாளைக்கு ஆலங்காயம் போவா. அதுவும் என் வண்டிலயே போவா. வை போன.”

சீரில் வந்ததைக் கணக்குப் பார்த்தான். டிவி, ஃபேன், லைட், ஹாட்பாக்ஸ் நாலும் காலி. பீரோவும் கட்டிலும் கரண்டிகளும்தான் முழுசாக இருந்தன. டிவியின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினான். ஹாட்பாக்ஸைக் குலுக்கினான். என்ன மாயமோ, படம் வந்துவிட்டது. வீரன் மூன்று கோடுகளுக்கு நடுவே நின்று பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பூவரசனுக்கு ஆடப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பார்த்திபனின் வண்டி வந்தது, காலியாக. முன்னால் மாமனார் சடையன். பக்கத்தில் அருணாவும், பன்னிரண்டாவது படிக்கிற அவள் தங்கை பூஜாவும்.

சடையன் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். நாற்காலியில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிலும் பார்த்தார்.

“டிவிக்கு இன்னாத்துக்கு மாப்ள போர்வ?”

“பனி அதிகமா கீதுங்க மாமா.”

சடையன் டிவியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“ஃபேனு எங்க?”

“காத்து நல்லா வருதுங்க. அதான் எடுத்து வெச்சிட்டேன்.”

“லைட்டு?”

பூவரசன் மூலையில் லைட் தொங்கிய ஆணியைப் பார்த்தான். ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இனி பீரோ, கட்டில், ஜல்லிக்கரண்டி. அருணா அடுக்களை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சடையன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “சரி. வண்டி வாசல்லயே நிக்குது. ஏத்திடலாமா?”

அதோடு பூவரசன் உடைந்துவிட்டான்.

“மாமா, ஏத்தாதீங்க. டிவி போச்சு, ஃபேனு போச்சு, லைட்டு போச்சு, ஹாட்பாக்ஸும் போச்சு. எல்லாத்தையும் நான்தான் பிரிச்சேன். மீதியெல்லாம் அப்பிடியே கீது, வேணும்னா எண்ணிப் பாருங்க. ஆனா எதையும் எடுத்துகினு போவாதீங்க. அருணா இல்லாம என்னால இந்த வூட்ல இருக்க முடியாது. தப்பெல்லாம் என்னோடதுதான்.”

சடையன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

“நான் புளியச் சொன்னேன்,” என்றார். “பக்கத்துல மங்கம்மாள் வூட்ல நாலு மூட்ட சொல்லி வெச்சிக்கீறேன். பொண்ண வுட்டுட்டு, ஏத்திகினு போலாம்னு வந்தேன்.” அன்றைக்கு உண்டான வார்த்தையெல்லாம் தீர்ந்துபோன மாதிரி வெளியே நடந்துவிட்டார். பார்த்திபனும் பின்னாலேயே போனான்.

பொண்ணை விட்டுவிட்டு. பூவரசன் அந்த வார்த்தையை மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். உடம்பு லேசாகிவிட்டது. அருணாவின் முகத்தில்கூட ஏதோ இளகியிருந்தது.

“இப்ப சொன்னத செவ்வாக்கெழமயே சொல்லியிருந்தா நான் எதுக்குப் போகப் போறேன்?” என்றாள்.

“இரு, இரு,” என்று உள்ளே ஓடினான். ஹாட்பாக்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். சுவிட்சைப் போட்டான். உள்ளே மோட்டார் உறுமியது. “பாத்தியா? கேமு இதுக்குள்ள வந்துடுச்சு. இனிமே டிவி முழுசா ஒனக்குத்தான். நாளைக்கே வாணியம்பாடி போயி ரிப்பேர் பண்ணிகினு வர்றேன். நீ நிம்மதியா சீரியல் பாரு. நான் அந்த ரூம்ல தனியா ஒக்காந்து ஆடிக்கறேன். ஒன் பக்கமே வர மாட்டேன்.”

அருணா கிட்டே வந்தாள். ஹாட்பாக்ஸை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பட்டன்களைத் தொட்டுப் பார்த்தாள்.

“இதுல எத்தன பேரு ஆடலாம்?”

“ஒருத்தர்தான்,” என்றான் பூவரசன் பெருமையாக. “கையில புடிச்சி ஆடறது இல்ல? ஒருத்தருக்குத்தான் புடிக்கவே முடியும்.”

அருணாவின் கண் கலங்கியது. ஹாட்பாக்ஸை விட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள். பாத்திரம் ஒன்று கொஞ்சம் பலமாகவே கீழே வைக்கப்பட்டது.

பூவரசனுக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. நாலு கிலோ பாரத்தோடு கூடத்தில் நின்றுகொண்டு பூஜாவைப் பார்த்தான்.

“ஒங்கக்கா சீரியல் பாக்கட்டும்னுதான பூஜா இவ்ளோ கஷ்டப்பட்டேன்? இதுக்கு மேல நான் இன்னா பண்ணணும்?”

பூஜா செல்போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“அக்காவுக்கு சீரியலே புடிக்காது மாமா, நீங்க செத்தா அடுத்த ஆட்டத்த தனக்குக் குடுப்பீங்கன்னுதான் ரெண்டு வருசமா பக்கத்துலயே ஒக்காந்துகினு இருந்துச்சாம்.”